நிஸ்வா முதல் சூர் வரை: ஓமானின் பழைய ஊர்களையும் கடற்கரைக் கிராமங்களையும் காரில் சுற்ற ஒரு முழுமையான வழிகாட்டி

ஓமானுக்குப் போகிறவர்கள் பலர் மஸ்கட்டில் அறை எடுத்துத் தங்கிக்கொண்டு, ஒரு நாள் நிஸ்வா, ஒரு நாள் வாதி ஷாப் பள்ளத்தாக்கு என்று போய்ப் போய்த் திரும்புகிறார்கள். தூரம் அப்படியொன்றும் அதிகமில்லை. மஸ்கட்டிலிருந்து நிஸ்வா சுமார் 165 கிலோமீட்டர், கடற்கரைச் சாலையில் சூர் சுமார் 200 கிலோமீட்டர். ஆனால் இப்படிப் போனால் அந்த ஊர்கள் களைகட்டும் நேரம் கையில் சிக்காது. நிஸ்வாவில் ஆட்டுச்சந்தை வெள்ளிக்கிழமை விடிந்ததும் கூடி, வெயில் ஏறுமுன் கலைந்துவிடும். இப்ராவில் பெண்கள் சந்தை புதன்கிழமை. ராஸ் அல் ஜின்ஸ் கடற்கரையில் ஆமைகள் கரையேறுவது இரவில். வாதி ஷாப்பில் வெள்ளி, சனி இரண்டு நாளும் கூட்டம் நெரியும், ஏனென்றால் அங்கே வார விடுமுறை அதுதான்.

ஆகவே இந்தப் பயணத்தைக் கிழமையை வைத்துத் திட்டமிடுங்கள். வியாழக்கிழமை மஸ்கட்டில் கிளம்பி, மலையடிவாரத்து ஊர்கள், மணல்வெளி, கடற்கரை என்று ஒரு வட்டம் அடித்து, அடுத்த வாரத்துக்கும் அடுத்த வாரத் தொடக்கத்தில், ஞாயிறு மாலை மஸ்கட் வந்து சேர்வது கணக்கு. மொத்தம் பதினொரு நாள். மலையை முதலில் வைத்ததற்குக் காரணம் உண்டு. வாய்க்கால் தண்ணீரை நம்பி வாழ்ந்த ஊர்களைப் பார்த்துவிட்டுக் கடலை நம்பி வாழ்ந்த ஊர்களுக்கு இறங்கினால், இரண்டுக்கும் நடுவே இருந்த வியாபாரத் தொடர்பு தானாகவே புரியும்.

கிளம்புமுன்

அக்டோபர் கடைசியிலிருந்து மார்ச் வரைதான் காலம். கோடையில் 45 டிகிரியைத் தாண்டும். கோட்டை வாசல் வரை நடப்பதே பெரும்பாடு. ரம்ஜான் மாதத்தில் போனால் பகலில் சாப்பாட்டுக்கடைகள் பெரும்பாலும் மூடியிருக்கும், வெளியிடத்தில் தண்ணீர் குடிப்பதும் கூடாது.

விசாவை ராயல் ஓமான் போலீஸின் இ-விசா தளத்தில் எடுக்கலாம். உங்கள் பாஸ்போர்ட்டுக்கு எந்த வகை பொருந்தும் என்பதை அங்கேயே பாருங்கள், விதிகள் அடிக்கடி மாறுகின்றன. ஊர் லைசென்ஸோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதியையும் எடுத்துக்கொள்ளுங்கள். துபாய், ஷார்ஜாவில் இருப்பவர்கள் சொந்தக் காரிலேயே எல்லை தாண்டலாம். ஓமானுக்குச் செல்லும் காப்பீட்டுச் சான்றான ஆரஞ்சு கார்டு கையில் இருக்க வேண்டும்.

ஓமானி ரியாலுக்கு 1000 பைசா. பெட்ரோல் லிட்டர் 230, 240 பைசா அளவில்தான் இருக்கும். எரிபொருள் செலவைப் பற்றிக் கவலையே வேண்டாம். சின்ன ஊர்களில் கார்டு எடுக்காத கடைகள் உண்டு, கொஞ்சம் சில்லறை வைத்திருங்கள்.

எந்த வண்டி?

நான் சொல்லும் பாதையில் முக்கால்வாசிக்குச் சாதாரண செடான் போதும், நெடுஞ்சாலைகள் அவ்வளவு நன்றாக இருக்கின்றன. ஜபல் அக்தர் மலைக்கு மட்டும் செடானை விடமாட்டார்கள். மலையடியில் பிர்கத் அல் மவ்ஸில் போலீஸ் சோதனைச் சாவடி இருக்கிறது, அங்கே ஃபோர்வீல் டிரைவா என்று பார்த்துத்தான் அனுப்புவார்கள். மணல்வெளிக்கும் அதேதான். ஜபல் ஷம்ஸ் மலைக்கும் ஃபோர்வீல் இருந்தால் நிம்மதி. இருவர் மட்டும் போவதானால் செடான் எடுத்து, மலைக்கும் மணலுக்கும் உள்ளூர் ஜீப்பை அமர்த்திக்கொள்வது மலிவு. நால்வர் என்றால் முழுப் பயணத்துக்கும் ஃபோர்வீலே சரி.

வண்டி ஓடுவது வலப்பக்கம். முதல் நாள் ரவுண்டானாக்களில் நிதானமாக இருங்கள். வேகக் கேமராக்கள் ஏராளம். நெடுஞ்சாலையில் 120தான் உச்சம். இருட்டிய பிறகு ஊர்களுக்கு வெளியே ஓட்டாமல் இருப்பது நல்லது. சாலையில் நிற்கும் ஒட்டகம் ஹெட்லைட் வெளிச்சத்தில் கடைசி நொடியில்தான் தெரியும். அதன் கால்கள்தான் வெளிச்சத்தில் படும், உடம்பு அதற்கு மேலே இருட்டில் இருக்கும்.

இதைவிட முக்கியமான ஒன்று. மழை பெய்தால் மட்டும் ஓடும் காட்டாற்றை அங்கே வாதி என்கிறார்கள். வெயில் காய்ந்துகொண்டிருக்கும்போதே, எங்கோ மலையில் பெய்த மழை சில நிமிடங்களில் வாதியில் பாய்ந்து வந்துவிடும். சாலை வாதியைக் கடக்கும் இடத்தில் அளவுக்கம்பங்கள் நட்டிருப்பார்கள். தண்ணீர் ஓடுகிறதென்றால் வண்டியை நிறுத்திக் காத்திருங்கள். முன்னால் ஒரு வண்டி போகிறதே என்று பின்னால் இறங்காதீர்கள். சட்டப்படியும் அது குற்றம். அவசரத்துக்கு எண் 9999.

வியாழன்: மஸ்கட்டிலிருந்து நிஸ்வா

காலை எட்டு மணிக்குச் சுல்தான் காபூஸ் பெரிய மசூதியில் இருங்கள். 2001-இல் திறந்தது. முஸ்லிம் அல்லாதவர்களுக்கு எட்டு முதல் பதினொன்று வரை அனுமதி, வெள்ளிக்கிழமை கிடையாது. பெண்கள் தலையை மூடி, மணிக்கட்டும் கணுக்காலும் மறையும்படி உடுத்த வேண்டும். துப்பட்டாவும் முழுக்கை சுடிதாரும் போதும். தொழுகைக் கூடத்தின் கம்பளம் 21 டன் எடை. ஈரானில் அறுநூறு பெண்கள் நான்கு ஆண்டுகள் நெய்தது.

அப்புறம் 15-ஆம் எண் நெடுஞ்சாலையைப் பிடித்து, சுமாயில் கணவாய் வழியாக உள்நாட்டுக்கு ஏறலாம். ஹஜர் மலைத்தொடரின் கிழக்கையும் மேற்கையும் பிரிக்கும் இந்த இடைவெளிதான் காலங்காலமாகக் கடற்கரைக்கும் உள்நாட்டு ஊர்களுக்கும் இருந்த வழி. நிஸ்வாவுக்கு முன்னால் பிர்கத் அல் மவ்ஸில் இறங்கி, இடிந்த மண்வீடுகளுக்குக் கீழே இருக்கும் வாழைத்தோப்பில் நடந்து பாருங்கள். தோப்புக்குத் தண்ணீர் கொண்டுவரும் வாய்க்காலான ஃபலஜ் அல் கத்மீன், 2006-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த ஐந்து ஃபலஜ்களில் ஒன்று.

ஃபலஜ் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதைத் தெரிந்துகொள்ளாமல் ஓமானின் எந்த மலையூரும் விளங்காது. மலையடியில் ஊறும் நீரைச் சாய்வு பார்த்து, பம்ப் எதுவும் இல்லாமல், சில இடங்களில் பல கிலோமீட்டர் தூரம் கொண்டுவருகிறார்கள். ஊருக்குள் நுழையும் இடத்தில் முதலில் குடிக்கும் தண்ணீர் எடுப்பார்கள். அதன்பின் பள்ளிவாசல், அதன்பின் குளிக்கும் இடங்கள், கடைசியாகத்தான் பேரீச்சந்தோப்பு. நம் பக்கத்து முறைத்தண்ணீர் போலவே தோப்புக்காரர் ஒவ்வொருவருக்கும் நேரப் பங்கு உண்டு. ஒரு பங்கை அதர் என்பார்கள், ஏறக்குறைய அரைமணி நேரம். பகலில் நட்டுவைத்த குச்சியின் நிழலை வைத்தும் இரவில் நட்சத்திரங்களை வைத்தும் பங்கைக் கணக்கிட்டார்கள். மண்ணையும் துணியையும் அடைத்துத்தான் இன்றும் பல தோப்புகளில் மடை திருப்புகிறார்கள்.

வெள்ளி: நிஸ்வா

ஆறரைக்கெல்லாம் சந்தையில் இருங்கள். நடுவே ஒரு வட்டம், அதைச் சுற்றி வாங்க வந்தவர்கள் இரண்டு வரிசையாக நிற்பார்கள், உட்கார்ந்திருப்பார்கள். விற்பவர்கள் ஆட்டைக் கயிற்றில் பிடித்துக்கொண்டோ குட்டியைக் கையில் தூக்கிக்கொண்டோ விலையைக் கூவியபடி இடைவெளியில் சுற்றிச் சுற்றி நடப்பார்கள். பிடித்துப்போனால் கூட்டத்திலிருந்து ஒரு கை நீளும். ஆடு நிற்கும். உதட்டை விலக்கிப் பல்லைப் பார்ப்பார், முதுகெலும்பை அழுத்துவார், மடியைத் தொட்டுப் பார்ப்பார், ஒரு விலை சொல்வார். ஒத்துவராவிட்டால் ஆடு மறுபடி நடக்கும். இதெல்லாம் அரை நிமிடத்துக்குள். முகமூடி அணிந்த பெதுயின் (பாலைவன நாடோடி) பெண்களும் வாங்கவும் விற்கவும் வருவார்கள்; அவர்களைக் கேட்காமல் படம் எடுக்காதீர்கள். வட்டத்தின் வெளி ஓரத்தில் நில்லுங்கள், நடைபாதையை மறிக்காமல். ஒன்பது மணிக்கு எல்லாம் முடிந்துவிடும்.

பக்கத்திலேயே கோட்டை. 17-ஆம் நூற்றாண்டின் நடுவில், அப்போது நாட்டை ஆண்ட இமாம் சுல்தான் பின் சைஃப் கட்டியது. 1650-இல் மஸ்கட்டிலிருந்து போர்ச்சுகீசியரை விரட்டியவர் இவர்தான். பெரிய வட்டக் கோபுரத்துக்கு ஏறும் படிக்கட்டை மெதுவாகப் பாருங்கள். குறுகலாக, திரும்பித் திரும்பி ஏறும். ஒவ்வொரு திருப்பத்திலும் கதவு, கதவுக்கு மேலே கூரையில் ஒரு துளை. எதிரி கதவை உடைக்கும்போது மேலிருந்து கொதிக்கும் பேரீச்சம்பாகு விழும். கீழே பேரீச்சை அறைக்குப் போனால் அந்தப் பாகு எங்கிருந்து வந்தது என்பது தெரியும். தரை முழுக்க இணையான வரம்புகள், நடுவே வாய்க்கால்கள். பேரீச்சை மூட்டைகளைக் கூரை வரை அடுக்கினால், மேல் மூட்டைகளின் பாரத்தில் அடி மூட்டைகள் பிழிந்து, பாகு வாய்க்காலில் ஓடி ஜாடியில் சேரும். முற்றுகைக் காலத்தில் சாப்பாடும் அதுவே, ஆயுதமும் அதுவே.

நண்பகலில் ஜும்மா தொழுகைக்காகக் கடைகள் மூடிவிடும், மாலை நாலு மணிக்கு மேல்தான் திறக்கும். அந்த நேரத்தில் அறையில் தூங்குங்கள். மாலையில் ஹாரத் அல் அக்ர் என்ற பழைய குடியிருப்பின் மதில்மேல் நடந்து, கஹ்வா என்ற அரபுக் காபியும் பேரீச்சையும் வாங்கிச் சாப்பிடலாம். அல்வா வாங்குவதானால் கடையில் சூடாகக் கிளறியதை ருசி பார்த்து வாங்குங்கள்.

சனி, ஞாயிறு, திங்கள்: பஹ்லா, ஜப்ரீன், மிஸ்ஃபா

பஹ்லா சுமார் 40 கிலோமீட்டர். 1987-லேயே யுனெஸ்கோ பட்டியலில் வந்த கோட்டை. அடுத்த ஆண்டே அபாயப் பட்டியலுக்குப் போய், நீண்ட சீரமைப்புக்குப் பின் 2004-இல்தான் அதிலிருந்து மீண்டது. 12 முதல் 15-ஆம் நூற்றாண்டு வரை ஓங்கியிருந்த பனூ நப்ஹான் குலத்தின் இடம். ஊரைச் சுற்றி மண்மதில் மட்டும் ஏறக்குறைய 12 கிலோமீட்டர். உள்ளே அறைகள் வெறுமையாக இருக்கும், விளக்கப் பலகைகளும் குறைவு. அதனால் பஹ்லாவை முதலில் பார்த்துவிட்டு, அரைமணிக்குள் போய்விடக்கூடிய ஜப்ரீனுக்குச் செல்லுங்கள். ஜப்ரீன், சுல்தான் பின் சைஃபின் மகன் பில்அரப் கட்டிய மாளிகை. இங்கே மர உத்தரங்களில் தீட்டிய பூவேலை அப்படியே இருக்கிறது. மேலும் கீழுமாக ஜன்னல் வைத்து, குளிர்ந்த காற்று கீழே நுழைந்து சூடான காற்று மேலே போகும்படி அமைத்த அறையில் கொஞ்ச நேரம் உட்காருங்கள். பில்அரபின் கல்லறையும் கீழே இருக்கிறது.

இரவுக்கு மிஸ்ஃபாத் அல் அப்ரியீன், சுருக்கமாக மிஸ்ஃபா. பாறைமேல் கட்டிய பழைய வீடுகளைத் தங்கும் விடுதிகளாக மாற்றியிருக்கிறார்கள். வார இறுதிக்கு முன்கூட்டியே பதிவு செய்யுங்கள். வண்டியை ஊர் வாசலில் விட்டு நடந்துதான் போக வேண்டும், பெட்டி சின்னதாக இருக்கட்டும். தோளும் முழங்காலும் மூடி உடுத்துங்கள். இது மக்கள் குடியிருக்கும் ஊர். ஃபலஜ் ஓரமாகவே நடந்தால் படிப்படியான தோட்டங்களுக்குள் போய்விடலாம். இந்தப் பயணத்தில் இரண்டு இரவு தங்கியே ஆக வேண்டிய இடம் எது என்று கேட்டால் நான் மிஸ்ஃபாவைத்தான் சொல்வேன்.

ஞாயிறு ஜபல் ஷம்ஸ். வாதி குல் பள்ளத்தாக்கின் விளிம்பில், கைவிடப்பட்ட ஸாப் கிராமத்துக்குப் போகும் நடைபாதை இருக்கிறது. போக வர நாலு மணி நேரம் வையுங்கள். உயரத்துக்குப் பயப்படுபவர்கள் விளிம்புக் காட்சியோடு திரும்பிவிடலாம். இறங்கும்போது பிரேக்கை அழுத்திக்கொண்டே வராமல், கியரைக் குறைத்து எஞ்சினால் வேகத்தைக் கட்டுப்படுத்துங்கள்.

திங்களன்று ஃபோர்வீல் இருந்தால் ஜபல் அக்தர். மார்ச் கடைசியிலிருந்து ஏப்ரல் முழுக்க ரோஜா பூக்கும், பன்னீர் காய்ச்சும் காலம். இல்லாவிட்டால் மனாவில் 2023-இல் திறந்த ஓமான் காலங்கள் அருங்காட்சியகம்; விடுமுறை நாளைப் பார்த்துக்கொண்டு போங்கள். இரவு நிஸ்வா.

செவ்வாய், புதன்: இப்ராவும் மணலும்

சினாவ் வழியாக இப்ராவுக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். இப்ரா, முதைரிப் ஊர்களின் பெரிய பழைய வீடுகள் கிழக்கு ஆப்பிரிக்க வியாபாரத்தில் வந்த பணத்தில் எழுந்தவை. 19-ஆம் நூற்றாண்டில் சான்சிபார் ஓமானின் ஆட்சியில் இருந்தது. இங்கே வயதானவர்கள் வாயில் சுவாஹிலி இன்றும் கேட்கும். புதன் காலை பெண்கள் சந்தை: துணி, வாசனைப் பொருள், வெள்ளி. விற்பவர், வாங்குபவர் இரு தரப்பும் பெண்களே. குடும்பத்தோடு வரும் ஆண்கள் வெளியே நிற்பதுதான் மரியாதை.

மதியம் மணல்வெளி ஓரத்து ஊரான பிதியா. செடானை ஊரிலேயே விட்டுவிட்டு, மணலில் இரவு தங்கப்போகும் முகாம்காரர்களை ஜீப் அனுப்பச் சொல்லுங்கள். நீங்களே ஓட்டுவதானால் டயர் காற்றை நன்றாகக் குறைத்து, தனி வண்டியாக அல்லாமல் இன்னொரு வண்டியோடு போங்கள். மறுநாள் வெளியே வந்ததும் காற்று நிரப்ப மறக்க வேண்டாம்.

அடுத்த வியாழன், வெள்ளி: சூர் பக்கம்

காலையில் வாதி பனீ காலித் குளங்களில் குளித்துவிட்டு, மதியத்துக்குள் ராஸ் அல் ஜின்ஸ் போய்ச் சேருங்கள். நம் மீனவர்கள் பேராமை என்று சொல்லும் பச்சைக் கடலாமை இங்கே ஆண்டு முழுவதும் முட்டையிட வருகிறது, கோடை மாதங்களில் மிக அதிகம். 1996-இலிருந்து காப்பகம். வழிகாட்டியோடு மட்டுமே கரைக்குப் போகலாம், இரவு ஒரு முறை, விடியுமுன் ஒரு முறை. எண்ணிக்கை வரம்பு உண்டு. காப்பக விடுதியில் தங்குபவர்களுக்கு இரண்டு முறையும் கிடைக்கும். விடியலில் கூட்டமும் குறைவு, கண்ணுக்கும் நன்றாகத் தெரியும். ஃபிளாஷ், போன் வெளிச்சம் எதுவும் கூடாது, கலைந்துபோன ஆமை முட்டையிடாமலே திரும்பிவிடும். நூறு முட்டை அளவில் இட்டு, குழியை மூடி, இடத்தை மறைப்பதற்காக மணலை வாரி வாரி இறைக்கும். பின்துடுப்புகளால் மணலை அணைத்து அழுத்துவதைப் பாருங்கள், அவ்வளவு கவனம்.

காப்பக அருங்காட்சியகத்தை விட்டுவிடாதீர்கள். நாணலால் கட்டிக் கீல் பூசிய வெண்கலக் காலப் படகுகளின் துண்டுகள் இங்கே கிடைத்தன. கீலின் ஒரு பக்கம் நாணல் அச்சு, மறுபக்கம் கடலில் ஒட்டிய கொட்டலசுகள் (பார்னக்கிள்). சிந்துவெளி எழுத்துள்ள பானைத் துண்டும் இந்தக் கரையில்தான் கிடைத்தது. இந்தியாவுக்கும் இந்தக் கடற்கரைக்கும் நாலாயிரம் ஆண்டுக்கு முன்பே போக்குவரத்து இருந்திருக்கிறது.

வெள்ளி மாலை சூர். கழிமுகத்தைக் கடக்கும் தொங்குபாலத்தைத் தாண்டி அல் ஐஜாவில் கலங்கரை விளக்கடியில் உட்கார இடமிருக்கிறது. கடையில் நெய்மீன் வறுவல் கேளுங்கள். டீக்கடைகளில் மலையாளிகள் இருப்பதால் பேச்சுக்கும் பரோட்டாவுக்கும் பஞ்சமில்லை.

சனி, ஞாயிறு: கடற்கரையோரம் மஸ்கட்

சனி காலை சூரின் தோணி கட்டும் பட்டறை. ஒரு காலத்தில் மலபார் தேக்கு கப்பல் கப்பலாக வந்து இறங்கிய ஊர். 1980-இல் இங்கேதான் ஆணியே அடிக்காமல் தென்னங்கயிற்றால் தைத்து சோஹார் என்ற கப்பலைக் கட்டி, சீனாவின் கான்டன் வரை ஓட்டிப்போனார்கள். இந்தியத் தச்சர்கள் இன்றும் இங்கே வேலை செய்கிறார்கள். கரையில் நிற்கும் ஃபத்ஹ் அல் கைர் 1951-இல் கட்டிய மரக்கப்பல், ‘கன்ஜா’ (ghanjah) என்ற வகை. அதன் பின்பக்கச் செதுக்கு வேலையைச் சுற்றிப் போய்ப் பாருங்கள்.

அடுத்து கல்ஹாத். பழங்காலப் பயணிகள் மார்கோ போலோவும் இப்னு பதூதாவும் எழுதிய துறைமுகம். 1508-இல் போர்ச்சுகீசியர் சூறையாடினார்கள். இப்போது நிற்பது பீபி மர்யம் கல்லறை மட்டும்தான். மற்றதெல்லாம் பவளக்கல் குவியல். 2018-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. உள்ளே விடுகிறார்களா என்று சூரிலேயே விசாரித்துக்கொள்ளுங்கள்.

இரவு வாதி ஷாப்புக்குப் பக்கத்து ஊரான திவி. ஞாயிறு விடிந்ததும் வாதி ஷாப். பாலத்தடியில் படகுக்காரர் அக்கரை சேர்ப்பார், போக வர ஆளுக்கு ஒரு ரியால். முக்கால் மணி நடை, அதன்பின் குளம் குளமாக நீந்த வேண்டும். கடைசியில் தலை மட்டும் நுழையும் பாறை இடுக்கு, அதற்குள் குகையும் அருவியும். நீச்சல் தெரியாதவர்கள் குளத்துக்கு முன்பே நின்றுவிடுங்கள். ஈரத்தில் வழுக்காத செருப்பு, நீர் புகாத பை, டி-ஷர்ட்டோடு குளியல். இந்த மூன்றும் அவசியம். நிலம் உள்வாங்கி உண்டான பிம்மா குழிக்கு அரைமணி போதும். குரியாத்தில் மீன் இறங்கும் துறையைப் பார்த்துவிட்டு மாலைக்குள் மஸ்கட் போய்விடலாம்.

அவ்வளவு நாள் இல்லையென்றால் ஜபல் அக்தரையும் மணல்வெளியையும் விடுங்கள். வியாழன் கிளம்பி, வெள்ளி நிஸ்வா, சனி பஹ்லாவும் ஜப்ரீனும், இரவு மிஸ்ஃபா. ஞாயிறு நேராக ராஸ் அல் ஜின்ஸ். ஐந்து மணி நேரத்துக்குக் குறையாத ஓட்டம், அதனால் காலையிலேயே கிளம்புங்கள். திங்கள் சூரும் திவியும், செவ்வாய் வாதி ஷாப் பார்த்து மஸ்கட். வெள்ளிக்கிழமையை மட்டும் நிஸ்வாவிலிருந்து நகர்த்தாதீர்கள்.